கிண்ணம் காலியானதும் சிண்டு என்ன செய்யும்?

வாசகியின் கடிதம் (சுருக்கி):

"எங்கள் வீட்டில் நான்கு வயதுக் காக்டெயில் (cockatiel என்ற கொண்டைக் கிளி) ஒன்று இருக்கிறது. பெயர் சிண்டு. ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியவில்லை. இன்னொரு கூண்டில் பட்ஜி என்ற சின்னக் கிளிகள் இரண்டும் உண்டு. நான் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவேன். விதைக் கிண்ணத்தை வைத்த அரை மணி நேரத்தில் சிண்டு தின்று முடித்துவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்கக் கத்தல்தான் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். இரண்டு மாதமாக மார்பு இறகுகளைக் கடித்துக் குதறுகிறது. இரை தேட வைத்தால் சரியாகும் என்று கேள்விப்பட்டு, தட்டினால் விதை விழும் தொங்கு பொம்மை ஒன்று வாங்கினேன். ஒரு விடுமுறை நாளில் கிண்ணத்தை எடுத்துவிட்டு அதை மாட்டினேன். சிண்டு கூண்டின் மூலையோடு ஒட்டிக்கொண்டது. மாலை வரை எதையும் தொடவில்லை. பயந்துபோய்க் கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். சாப்பாட்டை ஒளித்து வைப்பது பறவையைப் பட்டினி போடுவது ஆகாதா? செய்யலாம் என்றால் எப்படிச் செய்வது?"

அன்புள்ள வாசகிக்கு,

கிண்ணத்தைத் திரும்ப வைத்தீர்களே, அது மிகச் சரி. காக்டெயிலின் எடை பெரும்பாலும் 80 முதல் 120 கிராம்தான். அந்தச் சின்ன உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு முழு நாள் தின்னாமல் கிடந்தாலே நிலைமை மோசமாகலாம். அதனால் கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான்: பொம்மையைத் திறக்கத் தெரிந்தால்தான் தீனி என்ற நிலை எந்த நாளும் வரக்கூடாது. தேடிக் கிடைப்பது ஒரு பங்கு, தேடாமலே கிடைப்பது ஒரு பங்கு. முதல் பங்கை மெல்ல மெல்லக் கூட்டலாம். இரண்டாவது பங்கை முழுக்க எடுத்துவிடக் கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சிண்டுவைப் பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இறகைக் கடிப்பதெல்லாம் சலிப்பால்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். குடலில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருந்தாலும் காக்டெயில்கள் தோலைக் கடித்துக் கீறும். தோல் தொற்று, கல்லீரல் கோளாறு, துத்தநாகம் உடம்பில் சேர்வது, தூக்கக் குறைவு, வறண்ட காற்று என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. வீட்டிலேயே ஒன்றைக் கவனித்துவிடலாம். அலகு எட்டாத இடம் தலை. தலை இறகு ஒழுங்காக இருந்து மார்பு மட்டும் குதறிக் கிடந்தால் சிண்டு தானே கடிக்கிறது என்று பொருள். தலையிலும் இறகு போயிருந்தால் அது நோயாகவோ இன்னொரு பறவையின் வேலையாகவோ இருக்கலாம். எது எப்படியிருந்தாலும், எச்சப் பரிசோதனையும் உடல் பரிசோதனையும் முடிந்த பிறகு இரை தேடும் விளையாட்டுகளைத் தொடங்குவதுதான் முறை. நோயால் சோர்ந்த பறவையிடம் கூடுதல் வேலை வாங்கக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒளித்து வைப்பது பட்டினி போடுவது ஆகாதா?

1963-இல் கிளென் ஜென்சன் என்ற உளவியல் ஆய்வாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு பக்கம் திறந்த தட்டில் இலவச உணவு. இன்னொரு பக்கம் ஒரு நெம்புகோல். அழுத்தினால்தான் அதே உணவு வரும். தட்டு நிறைய உணவு இருக்கும்போதே பெரும்பாலான எலிகள் நெம்புகோலை அழுத்தியும் தின்றன. பிற்பாடு பல விலங்குகளிடமும், கிளிகளிடமும் இதே போக்கைக் கண்டார்கள். உழைத்துப் பெறுவதில் அவற்றுக்கு ஏதோ ஒரு நிறைவு இருக்கிறது. வீட்டுப் பூனைதான் இதில் பெரும்பாலும் சேராது. ஆனால் இந்தச் சோதனைகளில் இலவசத் தட்டு கடைசிவரை அங்கேயே இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். வேண்டும் என்றால் தேடலாம், வேண்டாம் என்றால் தட்டில் தின்னலாம். அந்தத் தேர்வு பறவையின் கையில் இருக்கும்வரை இது பட்டினி ஆகாது. நீங்கள் கிண்ணத்தை எடுத்த அந்த நாளில் சிண்டுவுக்குத் தேர்வே இல்லாமல் போனது. பிழை யோசனையில் இல்லை, வரிசையில்தான்.

காட்டில் வாழும் கிளி இனங்கள் தினமும் பல மணி நேரத்தை இரை தேடுவதிலேயே கழிக்கின்றன. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அதற்கே செலவிடும் இனங்களும் உண்டு. பறப்பது, தேடுவது, உரிப்பது, உடைப்பது, வேண்டாததைத் துப்புவது, அடுத்த இடத்துக்குப் போவது. கிண்ணத்தில் நாம் அதை அரை மணி நேரமாகச் சுருக்கிவிட்டோம். மீதி நேரத்தை என்ன செய்வது? அலகு சும்மா இருக்காது. கைக்கு எட்டும் தூரத்தில் உரிக்கவும் கடிக்கவும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. இருப்பது அதன் இறகுதான். 2003-இல் டேவிஸ் நகரின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். இரை தேட வாய்ப்பும் ஏறி இறங்கி விளையாடப் பொருள்களும் இருந்த கூண்டுகளில் இறகு பிடுங்குவது தடுக்கப்பட்டது. வெறுங்கூண்டில் இருந்து இறகு கெட்ட கிளிகளுக்கும் பின்னால் அதே வசதிகளைக் கொடுத்தபோது அவை தேறின. 2008-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில், ஏற்கெனவே இறகைக் கெடுத்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளுக்குக் கிண்ணத்துக்குப் பதிலாகக் குழாய்க்குள் தீனி வைத்துப் பார்த்தார்கள். தின்னும் நேரம் நீண்டது, இறகின் நிலையும் மேம்பட்டது. ஆகவே உங்களுக்குச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் வாங்கிய பொம்மை சிண்டுவுக்கானது அல்ல. அல்லது, இப்போதைக்கு அல்ல.

காக்டெயிலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளி. அங்கே அது கூட்டமாகத் தரையில் இறங்கி, தலையைக் குனிந்து, உதிர்ந்த புல்விதைகளைக் கொத்தித் தின்னும் பறவை. பட்ஜியும் அப்படித்தான். பெரிய கிளிகளைப் போல ஒரு காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும் வழக்கம் இவற்றுக்குக் கிடையாது. தலைக்கு மேல் ஆடும் பிளாஸ்டிக் பொம்மையில் சாப்பாடு இருக்கும் என்று சிண்டுவுக்கு எப்படித் தோன்றும்? தரையில் பரப்பிவைத்தால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதற்குப் புரியும். இரை தேடும் விளையாட்டு எதுவானாலும், அந்தப் பறவை ஏற்கெனவே செய்யத் தெரிந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடைப் பொம்மை வீணாகப் போவதற்குப் பெரும்பாலும் இதை யாரும் யோசிக்காததுதான் காரணம்.

முதலில் ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்குங்கள். பொம்மைக்குச் செலவிடுவதைவிட இது முக்கியம். தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தின்னும் முன் எடை பாருங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எடையை மட்டும் எழுதி வையுங்கள். சிண்டுவின் வழக்கமான எடை 90 கிராம் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டு தொடங்கிய பிறகு அது 86-க்கு இறங்கினால் ஒரு படி பின்னால் போய்ப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்புங்கள். 81-க்கு வந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். இறகு மூடியிருப்பதால் பறவை மெலிவது கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத்தான் தெரியும்.

கிண்ணத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். காக்டெயில் விதையை உரித்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போடும். மேலே நிறைய உமி கிடந்தால் கிண்ணம் நிரம்பி இருப்பதுபோலவே தோன்றும். மெல்ல ஊதிப் பார்த்தால்தான் அடியில் என்ன மிச்சம் என்று தெரியும். எச்சத்தையும் கவனியுங்கள். எண்ணிக்கை குறைந்தாலோ, திடமான பகுதி சிறுத்துக் கரும்பச்சையானாலோ பறவை சரியாகத் தின்னவில்லை.

அந்த ஒரு வாரம் கழிந்ததும், அகலமான ஆழமில்லாத தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டின் தரையில், உட்காரும் குச்சிகளுக்கு நேர் கீழே இல்லாத இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் எச்சம் தட்டிலேயே விழும். தொடக்கத்தில் தட்டில் விதை மட்டும் போதும், மெல்லியதாகப் பரப்புங்கள். சிண்டுவுக்கு மிகப் பிடித்தது எதுவோ அதை இனிமேல் கிண்ணத்தில் போடாமல் தட்டில் மட்டும் போடுங்கள். சாதாரணத் தீனி கிண்ணத்தில் அப்படியே இருக்கட்டும்.

தட்டை வைத்துவிட்டு உடனே போய்விடாதீர்கள். விரல் நுனியால் தட்டில் டொக் டொக் என்று கொத்துங்கள், விதைகளைச் சற்றுத் தள்ளிவிடுங்கள். கூட்டமாக மேயும் பறவைக்கு இன்னொருவர் கொத்துவதுதான் "இங்கே சாப்பாடு இருக்கிறது, இடம் பத்திரமானது" என்ற சேதி. நீங்கள்தான் சிண்டுவின் கூட்டம். என்னிடம் வரும் காக்டெயில்காரர்களிடம் நான் சொல்லும் யோசனைகளில் அதிகம் பலன் தருவது இதுதான்; ஒரு பைசா செலவும் இல்லை.

தயங்காமல் தட்டில் இறங்கித் தின்னத் தொடங்கியதும், விதைகளோடு வேறு பொருள்களையும் கலக்கலாம். கசக்கிய வெள்ளைக் காகிதத் துண்டுகள், சாயம் பூசாத மரமணிகள், விழுங்க முடியாத அளவு பெரிய கழுவிய கூழாங்கற்கள், பூச்சிமருந்து படாத இடத்தில் பறித்த கதிர்விட்ட புல். முதல் நாள் இரண்டு மூன்று பொருள் போதும். விதைகள் பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் கிடக்க வேண்டும். கொஞ்ச நாளில் சிண்டு கற்களைப் புரட்டும், காகிதத்தை அலகால் தூக்கி எறியும். வீடு குப்பையாகும். ஆகட்டும், அது வேலை செய்வதன் அடையாளம்தான். தட்டை மட்டும் தினமும் கழுவிக் காயவைத்துப் புதிதாக நிரப்புங்கள். ஈரத்தில் கிடந்த விதையில் பூஞ்சை பிடிக்கும். பறவைகளின் நுரையீரல் பூஞ்சையைத் தாங்காது.

அடுத்தது கிண்ணத்தையே விளையாட்டாக்குவது. பாதிக் கிண்ணத்தை மறைக்கும்படி வெள்ளைக் காகிதத்தை மேலே விரியுங்கள், மறுபாதி திறந்திருக்கட்டும். பழகியதும் கிண்ணத்தை முழுக்க மூடி நடுவில் பெரிய ஓட்டை போடுங்கள். பிறகு ஓட்டையைச் சிறிதாக்குங்கள். கடைசியில் ஓட்டையே வேண்டாம், காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். ஒவ்வொரு நிலையும் சில நாளிலும் முடியலாம், சில வாரமும் ஆகலாம். அவசரப்படாதீர்கள். வேறு ஒரு கிண்ணத்தில் திறந்த தீனி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழிக்கத் தெரிந்த பிறகு பொட்டலம். சின்னக் காகிதச் சதுரத்தில் நாலைந்து விதை வைத்து, மிட்டாய் மாதிரி ஒரு பக்கம் மட்டும் முறுக்குங்கள். முதல் சில நாள் அதன் கண் முன்னாலேயே விதையை வையுங்கள். மோப்பம் பிடித்துத் தேடும் நாயைப் போல அல்ல பறவை. அது கண்ணால் பார்த்துத்தான் உணவைத் தேடுகிறது. உள்ளே போவதைப் பார்த்தால்தான் உள்ளே இருப்பதை நம்பும். ஆரம்பத்தில் ஒரு பொட்டலம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. நம்பிக்கை நன்றாக ஊன்றிய பிறகு ஒன்றிரண்டு வெறும் பொட்டலங்களைக் கலக்கலாம். அப்போது தேடுவதன் சுவாரஸ்யம் இன்னும் கூடும்.

கீரையையும் காய்களையும் பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் கொட்டுவதை நிறுத்துங்கள். கீரையைக் கட்டாகவே, கழுவிய ஈரத்தோடு, குச்சிக்கு அருகில் கிளிப்பில் மாட்டுங்கள். கேரட்டை முழுசாகவோ நீளத் துண்டாகவோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் குத்தி வையுங்கள். சோளக் கதிரை ஒரு வட்டத் துண்டாக வெட்டிக் கொடுங்கள். வெறுமனே கொத்திக் கிழித்துப் போட்டாலும் அது வேலைதான். ஈரமான உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள், அதனால் நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, தேநீர், வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட கொட்டைகள் எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம். வெண்ணெய்ப்பழத்தில் உள்ள பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைப் பாதித்து உயிரையே எடுத்துவிடும்.

வெறும் விதையில் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் போதாது, கொழுப்பு அதிகம் என்பதால் பெல்லட் தீனிக்கு, அதாவது சத்துகளைக் கலந்து உருண்டையாக்கி விற்கும் தீனிக்கு, மாற்றும் யோசனையும் உங்களுக்கு இருக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்காதீர்கள். என்ன தின்பது என்பதும் புதிது, எங்கே தேடுவது என்பதும் புதிது என்றால் சிண்டு திணறிப்போகும். முதலில் தெரிந்த தீனியைப் புதிய இடத்தில் தேடப் பழகட்டும்.

இனி உங்கள் நேரப் பிரச்சினை. இயற்கையில் பறவைகள் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும்தான் அதிகம் மேய்கின்றன, நடுப்பகலில் ஓய்வெடுக்கும். உங்களுக்கு இது வசதி. இரவே பொட்டலங்களைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்புவதற்கு முன் கூண்டுக்குள் மூன்று நான்கு இடங்களில் தீனியைப் பிரித்து வையுங்கள்: திறந்த கிண்ணம், தரைத்தட்டு, மூடிய கிண்ணம், குச்சியோரம் செருகிய ஒன்றிரண்டு பொட்டலம். இடங்களை அவ்வப்போது மாற்றுங்கள். மொத்த அளவைக் கூட்டாதீர்கள், அதே தீனியைத்தான் பிரிக்கிறோம். காக்டெயில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் உலர் தீனி தின்னும். சிண்டுவின் அளவை நீங்களே அளந்து தெரிந்துகொள்ளலாம். மாலையில் நீங்கள் வந்ததும் இன்னொரு சுற்று, இந்தச் சுற்றில் நீங்களும் உடன் உட்காருங்கள். இரவு 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும்.

கத்தலைப் பற்றி முக்கியமாக ஒன்று. சிண்டு கத்தத் தொடங்கியதும் ஓடிப்போய்ப் பொட்டலம் கொடுத்தால், கத்தினால் பொட்டலம் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துக் கொடுங்கள். நீங்கள் வேறு அறையில் இருக்கும்போது "எங்கே இருக்கிறாய்" என்று அழைப்பதுபோல இரண்டு குரல் கொடுத்தால், பதிலுக்கு நீங்கள் விசிலடியுங்கள். அது கூட்டத்துப் பறவையின் இயல்பான பேச்சு, அதை அடக்கக் கூடாது.

வாங்கிய பொம்மையை எறிய வேண்டாம். கூண்டிலிருந்து சில அடி தூரத்தில், சிண்டுவின் கண்ணில் படும்படி வையுங்கள். நீங்கள் அதைக் கையில் எடுத்து விளையாடுங்கள், அதன் மேலிருந்து விதையை எடுத்து நீங்கள் தின்பதுபோலக் காட்டுங்கள். கொண்டையைக் கவனியுங்கள். விறைத்து நேராக நின்றால் பயம் அல்லது பரபரப்பு. இன்னும் தள்ளி வையுங்கள். தலையோடு ஒட்டப் படிந்து, வாயிலிருந்து சீறல் வந்தால் கோபம். லேசாகப் பின்னால் சாய்ந்து தளர்வாக இருந்தால், கொஞ்சம் அருகில் நகர்த்தலாம். பல நாள் கழித்து, மூடியைக் கழற்றிவிட்டு, தொங்கவிடாமல் தரைத்தட்டின் அருகில் படுக்கவைத்து, மேலே விதைகளைத் தூவுங்கள். தொங்கவிடுவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம். அதுவரை போகாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. காகிதத்திலும் கல்லிலும் நாளைச் சந்தோஷமாகக் கழிக்கும் காக்டெயிலுக்கு அந்தப் பொம்மை தேவையே இல்லை.

ஆணா பெண்ணா தெரியவில்லை என்கிறீர்கள். அதனால் இங்கே கொஞ்சம் எச்சரிக்கை. இரை தேட என்று அட்டைப்பெட்டி வைப்பார்கள் பலர். சிண்டு பெண்ணாக இருந்தால், உள்ளே புகுந்துகொள்ளும்படியான இருட்டுப் பெட்டியும் கிழித்த காகிதக் குவியலும் அதற்குக் கூடுதான். முட்டையிடத் தொடங்கிவிடும். இணையே இல்லாமல் அடுத்தடுத்து முட்டையிட்டு, கால்சியம் குறைந்து, முட்டை வெளியே வராமல் சிக்கி உயிருக்குப் போராடும் காக்டெயில்களை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஆகவே மேல்பக்கம் முழுக்கத் திறந்த, உயரம் குறைந்த தட்டுகள் மட்டும் போதும். மூலையில் பதுங்குவது, வாலைத் தூக்கிக் குனிவது, காகிதத்தை ஓரிடத்தில் சேர்ப்பது இவற்றைக் கண்டால் காகிதத்தை எடுத்துவிட்டுக் கற்கள், மணிகள், கீரை என்று மாறுங்கள்.

காக்டெயில்களுக்கு இரவில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் சிறகடித்துச் சுழலும் பழக்கமும் உண்டு. அப்போது தொங்கும் கயிறும் சங்கிலியும் சிறகில் சிக்கும். தொங்கும் பொருள்களை இரவில் கழற்றிவிடுங்கள். பஞ்சு நூல் பிரிந்த கயிறு எந்த நேரத்திலும் வேண்டாம். விரலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் தீனிப்பையை அடைக்கும். பெட்டியிலோ காகிதத்திலோ பின்னூசி, ஒட்டும் டேப், பசை இருந்தால் முழுக்க அகற்றுங்கள். பளபளப்பான பத்திரிகைத் தாள், வாசனைத் தாள், கடை ரசீது ஆகியவற்றை உபயோகிக்காதீர்கள். துத்தநாகம் பூசிய கம்பியும், ஈயம் கலந்திருக்கக்கூடிய மலிவு மணிகளும் உள்ளே போகக் கூடாது. தலை நுழைந்து திரும்பி வராத அளவு வளையமோ துளையோ இருக்கிறதா என்று ஒவ்வொரு பொருளையும் பாருங்கள்.

பட்ஜிகளுக்கும் இதே தரைத்தட்டு பொருந்தும். ஆனால் இரண்டு பறவை என்றால் இரண்டு தட்டு, தள்ளித் தள்ளி. ஒன்று மற்றதை விரட்டும். நீங்கள் பார்க்கும்போது செய்யாது, நீங்கள் போன பிறகு செய்யும். 30, 40 கிராம் எடையுள்ள பறவைக்கு மூன்று கிராம் குறைந்தாலும் அது பெரிய இழப்பு, ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடை பாருங்கள். தினைக்கதிரைக் குச்சியோடு ஒட்டிக் கட்டாமல், எட்டிப் பிடித்தால்தான் கிடைக்கும் தூரத்தில் மாட்டுங்கள். ஈரமான கீரைக்கட்டுக்குள் புகுந்து புரண்டு குளிப்பது பட்ஜிகளுக்கு மிகவும் பிடிக்கும், ஒரே பொருளில் சாப்பாடும் குளியலும் முடிந்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களிடம் பெரிய கிளிகள் இருக்கலாம். சாம்பல் கிளி, அமேசான், கக்காட்டு போன்றவை காலால் பிடித்து உடைத்துத் தின்பவை. அவற்றுக்குத் தரைத்தட்டு மட்டும் போதாது. ஓட்டோடு கொட்டைகள், துளையிட்ட மரக்கட்டைகள், காகிதத்தில் பொதிந்து அட்டைக்குழாயில் செருகிய தீனி என்று கையும் அலகும் சேர்ந்து உழைக்க வேண்டும். அமேசான் கிளிகளுக்கு வழக்கத்தைவிடப் பெரிய பெல்லட்டுகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அதனாலேயே அவை தின்ன எடுத்துக்கொள்ளும் நேரம் கூடியது. 2021-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் பல கிளி இனங்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், காட்டில் உடைத்து உரித்துப் பாடுபட்டுத் தின்னும் இனங்களே கூண்டில் இறகை அதிகம் கெடுத்துக்கொள்கின்றன என்று தெரிந்தது. எனவே உங்கள் பறவை காட்டில் என்ன செய்யும் என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு பொம்மையைத் தேடுங்கள்.

சிண்டுவின் மார்பைத் தினமும் பார்த்து மனம் சோராதீர்கள். வேரோடு பிடுங்கிய இறகு சில வாரங்களில் புதிதாக முளைக்கும். ஆனால் கடித்து முறித்த இறகின் அடித்தண்டு தோலிலேயே இருக்கும். அடுத்த முறை இறகு உதிரும் காலம் வரும்வரை அந்த இடம் அப்படியேதான் தெரியும். அதனால் ஒரு மாதத்தில் மார்பைப் பார்த்து "பலன் இல்லை" என்று விட்டுவிட வேண்டாம். மாலையில் வந்ததும் தட்டில் கற்கள் புரண்டிருக்கின்றனவா, எத்தனை பொட்டலம் கிழிந்திருக்கிறது, கூண்டின் அடியில் புதிதாகக் கடித்த இறகுத் துணுக்குகள் நேற்றைவிடக் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் கத்தல் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். இதற்கிடையில் தோலில் ரத்தமோ புண்ணோ தெரிந்தால் விளையாட்டையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.